மெமரீஸ் ஆஃப் மர்டர்: எனக்கு மட்டும்தான் ஏமாற்றமா?

மார்ச் 2, இரவு 11.40

ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடும் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ பார்த்து முடித்து இருபது நிமிடம் ஆகிறது. எரிச்சல்தான் மிச்சம். இது எனக்கு மட்டும்தானா, இல்லை இன்னும் யாராவது இருக்கிறீர்களா?

தென்கொரிய இயக்குநர் போங் ஜூன்-ஹோ, நிஜத் தொடர்கொலை வழக்கு ஒன்றை வைத்து 2003இல் எடுத்த படம். 132 நிமிடம். 2020இல் அவருடைய ‘பாரசைட்’ ஆஸ்கர் வாங்கியதிலிருந்து மனைவியின் தம்பி இதைப் பாருங்கள் பாருங்கள் என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். “மாமா, கடைசி ஷாட்ல அந்தாளு நேரா உங்களைப் பார்ப்பான். ஒரு வாரம் தூக்கம் வராது.” சரி என்று உட்கார்ந்தேன். கடைசி ஷாட் வந்தது. அந்தாளும் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்புறம் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

என் குறை மூன்று. குற்றவாளி யாரென்று தெரியாமலே படம் முடிகிறது. பெண்கள் வரிசையாகச் சாகும் கதையில் காமெடி ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவதை இப்போது சொல்ல வரவில்லை. தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

மார்ச் 3, காலை

நேற்று எழுதியதில் முதல் குறையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். “முடிவு புரியாதவனுக்குப் படமே புரியாது” என்று இதற்குள் இரண்டு பேர் சொல்லியாயிற்று. புரியாமல் இல்லை. படம் வந்தபோது அந்த நிஜ வழக்கில் யாரும் பிடிபடவில்லை என்பது எனக்குத் தெரியும். தென்கொரியாவில் ஹ்வாசியோங் என்ற பகுதியில் 1986 செப்டம்பர் முதல் 1991 ஏப்ரல் வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். 21,000 பேருக்கு மேல் விசாரித்தும் ஆள் சிக்கவில்லை. அப்படிப்பட்ட கதைக்குக் கடைசி ரீலில் வில்லனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால்தான் காறித் துப்பியிருப்பேன்.

ஆக, குறை அது இல்லை. கடுப்பில் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன்.

மார்ச் 3, மதியம்

“ஒரு வாரம் தூக்கம் வராது” என்றவனுக்குப் போன் போட்டேன். பகல் ஒரு மணிக்குத் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

மார்ச் 5

நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாவம். இரண்டாவது உடல் கிடைக்கும் காட்சியை ஒரே மூச்சில் எடுத்திருக்கிறார்கள். வயல்வெளியில் கூட்டம், குழந்தைகள் ஓட்டம். சோங் காங்-ஹோ நடிக்கும் துப்பறிவாளர் பார்க் டூ-மன், மண்ணில் பதிந்த காலடித் தடத்தைக் காப்பாற்றக் கத்திக்கொண்டே இருக்கிறார். வண்டி அதன் மேலேயே ஏறிப் போகிறது. மேலதிகாரி சரிவில் வழுக்கி விழுகிறார். அங்கே நானும் சிரித்தேன். ஒரு வழக்கு எப்படிக் கெட்டுப்போகும் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

இன்னொன்று. “கண்ணைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடுவேன்” என்பது பார்க்கின் பெருமை. மேலதிகாரி, ஸ்டேஷனில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரைக் காட்டுகிறார். ஒருவன் பெண்ணைக் கெடுத்தவன், இன்னொருவன் அந்தப் பெண்ணின் அண்ணன், யார் யார் என்று சொல் பார்ப்போம் என்கிறார். பார்க் உற்றுப் பார்க்கிறார். அங்கே காட்சி கட். விடை கடைசிவரை கிடையாது. ஊர் கொண்டாடும் அந்தக் கடைசிப் பார்வையைவிட எனக்கு இதுதான் நின்றது.

மார்ச் 6

இரண்டாவது குறைக்கு வருகிறேன். காமெடி.

ஜோ யோங்-கூ என்று ஒரு போலீஸ்காரர் வருகிறார். பூட்ஸ் காலால் எட்டி உதைப்பதுதான் அவருடைய விசாரணை முறை. உதைப்பதற்கு முன்னால் பூட்ஸின் மேல் ஒரு உறையை மாட்டிக்கொள்கிறார், அடிபட்டவன் உடம்பில் தடம் தெரியக் கூடாது என்பதற்காக. சமையலறையில் சூடான பாத்திரத்தை இறக்கத் துணி எடுப்பது போல அவ்வளவு சாதாரணமாக அதைச் செய்கிறார். முதலில் மாட்டுகிற ஆள் பேக் க்வாங்-ஹோ. முகத்தில் தீக்காயத் தழும்பு, மனவளர்ச்சி குறைந்த பையன். அவனுடைய ஷூவை வைத்து பார்க்கே மண்ணில் தடம் பதிக்கிறார். அப்புறம் காட்டுக்குக் கூட்டிப்போய்க் குழி தோண்டவிடுகிறார்கள். பேச்சை டேப்பில் பதிவு செய்கிறார்கள். நடுவில் அவனோடே உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு டிவியில் போலீஸ் தொடர் பார்க்கிறார்கள்.

இதில் பாதி இடங்களில் சிரிக்கச் சொல்கிறது படம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராதது மட்டுமில்லை, சிரிப்பவர்கள் மேல் கோபம் வந்தது. ஏன் இவ்வளவு கோபம் என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

அப்புறம் அந்த ஜோவின் கால். கைகலப்பில் ஆணி அடித்த பலகையால் பேக் ஒரு போடு போட, காயத்தில் டெட்டனஸ் வந்து, கடைசியில் உதைக்கும் காலையே எடுத்துவிடுகிறார்கள். “ஆஹா, என்ன குறியீடு” என்று மெய்சிலிர்க்கிறார்கள். எனக்கு அது பாட்டி சொல்லும் கதை போல இருந்தது. பொய் சொன்னால் நாக்கு அழுகும், எட்டி உதைத்தால் கால் போகும். நிஜத்தில் அப்படி எத்தனை பேருக்குக் கால் போயிருக்கிறது?

மார்ச் 9, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை. எழுதிவிடுகிறேன்.

ஏழாம் வகுப்பு. ஆண்டுவிழாவுக்கு வகுப்பில் வசூலித்த பணம் காணாமல் போனது. வசூலித்தவன் நான். ஆசிரியரிடம் கவரைக் கொடுத்தேன். அவர் வாங்கவே இல்லை என்றார். இரண்டாவது பீரியடில் ஆசிரியர்கள் அறை வாசலில் நிற்கவைத்தார்கள். யாரும் அடிக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஒருவர் வந்து கத்துவார். அவர் போனதும் இன்னொருவர் தோளில் கைபோட்டு, “எடுத்தேன்னு மட்டும் சொல்லிடுப்பா, வீட்டுக்குப் போகலாம்” என்பார். சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். சாயங்காலம் கடைசி மணி அடித்தபோது, “ஆமாம் சார், நான்தான்” என்றேன்.

அத்தோடு முடியும் என்று நினைத்தேன். “எங்கே வைத்தாய்?” இதை நான் யோசிக்கவே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்றேன். இரண்டு பையன்களை அனுப்பினார்கள், ஒன்றுமில்லை. எப்படி இருக்கும் கவர் என்று கேட்டார்கள். அதை மட்டும் கடகடவென்று சொன்னேன். காக்கிக் கவர், சிவப்பு ரப்பர் பேண்ட், ஒரு ஓரம் கிழிந்திருக்கும். “பார்த்தீர்களா, எவ்வளவு கச்சிதமாகச் சொல்கிறான்” என்றார் ஒருவர். காலையில் என் கையால் கொடுத்த கவர், எனக்குத் தெரியாதா?

மூன்று நாள் கழித்துப் பணம் கிடைத்தது. அந்த ஆசிரியரின் வருகைப் பதிவேட்டிலேயே இருந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டு, “அப்புறம் ஏன்டா எடுத்தேன்னு சொன்னே?” என்று கேட்டார். அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

படத்தில் பேக்கின் ஒப்புதல் வாக்குமூலத்தைப் பின்னால் திரும்பக் கேட்கும்போதுதான் புரிகிறது, அவன் சொல்வது செய்தவன் பேச்சு இல்லை, பார்த்தவன் பேச்சு. அதனால்தான் அவ்வளவு கச்சிதம். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இதை மார்ச் 2ஆம் தேதி எழுதவில்லை. “எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்” என்பது கடைசி ஷாட்டில் இல்லை, இங்கேதான்.

மார்ச் 9, இரவு

அனுதாபம் எல்லாம் வேண்டாம். நாற்பது வருடம் ஆகப்போகிறது. அந்த ஆசிரியர் நல்லவர்தான். கணக்கு நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்.

மார்ச் 12

மறுபடி பார்த்தேன். இந்த முறை சிரிக்க வேண்டிய இடங்களைக் குறித்துக்கொண்டே.

ஒரு திருத்தம். “பாதி இடங்களில் சிரிக்கச் சொல்கிறது படம்” என்று எழுதியிருந்தேன். அவ்வளவு நேராகச் சொல்லிவிட முடியாது. சிரிக்கத் தொடங்கும்போது ஏதோ ஒன்று இடறுகிறது. போலி ‘நைக்’ ஷூ ஒன்றை, ‘நைஸ்’ என்று எழுதியிருப்பதை, பேக்குக்கு பார்க் பரிசாகக் கொடுக்கிறார். பையனுக்கு அவ்வளவு சந்தோஷம். முதல்முறை அது ஜோக்காகத் தெரிந்தது. இரண்டாம் முறை, அடித்தவன் கொடுக்கும் ஷூ என்பது மட்டும்தான் தெரிந்தது.

காலமும் முக்கியம். அது சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சிக் காலம். 1986இல் பூச்சியோன் காவல் நிலையத்தில் ஒரு மாணவியைப் போலீஸ்காரர் பாலியல் சித்திரவதை செய்த வழக்கு நாட்டையே உலுக்கியது. 1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சுல் என்ற மாணவர் விசாரணையில் தண்ணீர்ச் சித்திரவதையில் செத்தார். மேசையைத் ‘தட்’டென்று தட்டினோம், செத்துவிட்டார் என்று போலீஸ் சொன்னது. அந்த வருடம் ஜூனில் வெடித்த போராட்டத்தில்தான் ஆட்சி பணிந்து நேரடித் தேர்தலுக்கு ஒத்துக்கொண்டது. படத்தில் மழை இரவில் காவலுக்குப் படை கேட்கிறார்கள், எல்லாரும் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறார்கள் என்று பதில் வருகிறது. கொரியர்கள் அந்தச் சிரிப்பை எங்கிருந்து சிரித்திருப்பார்கள் என்பது இப்போது கொஞ்சம் பிடிபடுகிறது. நான் கோபப்பட்டது அவர்கள் மேல் இல்லை. இங்கே “செம காமெடி சீன்” என்று துண்டு துண்டாக வெட்டிப் பகிர்கிறவர்கள் மேல்.

மார்ச் 13

சப்டைட்டில் விஷயம். சுரங்கப்பாதை வாசலில், மழையில், சந்தேக நபரின் முகத்தைப் பிடித்து உற்றுப் பார்த்துவிட்டு பார்க் ஒன்று கேட்கிறார். அது சோங் காங்-ஹோ அந்த இடத்தில் தானாகப் போட்ட வசனம். “சோறெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுறியா?” என்பதுதான் அதன் பொருள். நான் முதலில் பார்த்த சப்டைட்டிலில் நீயும் காலையில் எழுந்திருக்கிறாயா என்கிற மாதிரி ஏதோ இருந்தது. தத்துவம் போல இருந்ததே தவிர வலிக்கவில்லை. “சாப்டியா” என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்தச் சோற்றை அப்படியே விட்டிருந்தால் போதும். இதெல்லாம் செய்துவிட்டு உனக்குச் சோறு இறங்குகிறதா என்றும் எடுக்கலாம், ஒழுங்காகச் சாப்பிடுடா என்றும் எடுக்கலாம்.

ஏமாற்றத்தில் ஒரு பங்கு சப்டைட்டில் போட்டவர் கணக்கில்.

மார்ச் 15

இன்று உட்கார்ந்து நிஜ வழக்கைப் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும்.

2019 செப்டம்பரில் டிஎன்ஏ ஒத்துப்போய் ஆள் தெரிந்துவிட்டது. லீ சுன்-ஜே. மனைவியின் தங்கையை 1994இல் கொன்றதற்காக ஆயுள் தண்டனையில் ஏற்கெனவே பூசான் சிறையில் இருந்தவன். ஹ்வாசியோங்கின் பத்தும், வேறு நான்குமாகப் பதினான்கு கொலைகளை ஒப்புக்கொண்டான். வழக்குத் தொடர முடியவில்லை, ஏனென்றால் அப்போதிருந்த பதினைந்து வருடக் காலவரம்பு 2006இலேயே கடைசிக் கொலைக்கும் முடிந்துவிட்டது. கொலைகள் நடந்த காலத்திலேயே அவனை விசாரித்திருக்கிறார்கள். கொலையாளியின் ரத்தம் ‘பி’ வகை என்று போலீஸ் நம்பியது, இவனுடையது ‘ஓ’. விட்டுவிட்டார்கள்.

எட்டாவது கொலை 1988இல், 13 வயதுச் சிறுமி. அதற்கு மட்டும் ஓர் ஆளைப் பிடித்துத் தண்டித்திருக்கிறார்கள். யூன் சங்-யோ. போலியோவால் கால் பாதிக்கப்பட்டவர், கைதாகும்போது 22 வயது. தூங்கவிடாமல் வைத்து ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள். கூடவே, சம்பவ இடத்தில் கிடைத்த முடி அவருடையது என்று ஓர் ஆய்வக அறிக்கை. 20 வருடம் உள்ளே இருந்துவிட்டு 2009இல் வெளியே வந்தார். 2020 டிசம்பரில், மறுவிசாரணையில், நிரபராதி என்றது நீதிமன்றம். வாக்குமூலமும் செல்லாது, அந்த அறிக்கையும் நம்பத்தக்கதில்லை.

படத்தில் சியோலிலிருந்து வரும் துப்பறிவாளர் சியோ டே-யூன், ஆவணம் பொய் சொல்லாது என்று அடிக்கடி சொல்வார். அவர்தான் படத்தின் அறிவாளி, பார்க்தான் முரடன் என்று பிரித்துவைத்திருந்தேன். யூனை உள்ளே தள்ளியதில் அடிக்கும் பங்கு உண்டு, ஆவணத்துக்கும் பங்கு உண்டு.

மார்ச் 15, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. கொலையாளி என்றாவது இந்தப் படத்தைப் பார்ப்பான், அவன் கண்ணைப் பார்க்க வேண்டும் என்றுதான் அந்தக் கடைசிப் பார்வையை வைத்ததாக போங் சொல்லியிருக்கிறார். படம் தியேட்டருக்கு வந்தபோது அவன் சிறையில். உள்ளேயே பார்த்தானாம். சும்மா படமாகத்தான் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை என்று 2020இல் நீதிமன்றத்தில் சொன்னான்.

இந்த ஒரு விஷயத்தில் அவனும் நானும் ஒரே கட்சி என்று தெரிந்ததிலிருந்து வயிற்றைப் பிசைகிறது.

மார்ச் 18

மனைவியிடம் படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். “அந்தப் போலீஸ்காரப் பொண்ணு என்ன ஆனா?” என்று கேட்டாள். பதில் தெரியவில்லை. க்வோன் க்வி-ஓக். கொலை நடக்கும் மழை இரவுகளில் எல்லாம் வானொலியில் ஒரே பாட்டை யாரோ விரும்பிக் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிப்பவர் அவர்தான். படத்தில் உருப்படியான துப்பு அது ஒன்றுதான். அதைக் கொடுத்தவரைச் சிவப்பு உடை போட்டு மழையில் தூண்டில் புழுவாக நடக்கவிடுகிறார்கள். மற்ற நேரம் காபி. அப்புறம் ஆளையே காணோம்.

போலீஸின் ஆணாதிக்கத்தைக் காட்டத்தான் அப்படி என்பார்கள். இருக்கட்டும். ஸ்டேஷன் அவரை மறந்தது சரி, படமும் ஏன் மறந்தது?

மார்ச் 20

சியோவைப் பற்றி நான்கு பேர் சண்டைக்கு வந்ததால் இது. பள்ளி மாணவியின் முதுகில் அவர் பிளாஸ்திரி ஒட்டிவிடுகிறார், பின்னால் அதே பிளாஸ்திரியை உடலில் பார்க்கிறார். அங்கே அவர் உடைவது நியாயம். நானும் உடைந்தேன். ஆனால் அதற்குப் பிறகு காகிதத்தை நம்பியவர் துப்பாக்கியைத் தூக்க, கையை நம்பியவர் காகிதத்தைக் கொண்டுவர, இருவரும் இடம் மாறிக்கொள்வது தராசில் நிறுத்த மாதிரி இருக்கிறது. சந்தேக நபரின் டிஎன்ஏ ஒத்துப்போகவில்லை என்ற அந்தக் கடிதத்தின் மேல் ரயில் வேறு ஏறுகிறது. இவ்வளவு கோணல்மாணலான வழக்கில் இது மட்டும் ஏன் இவ்வளவு நேர்க்கோடு? இந்தக் குறையிலிருந்து இறங்குவதாக இல்லை.

மார்ச் 23

மூன்றாவது குறை, முதல் நாள் சொல்ல வராதது, இப்போது வருகிறது.

2003. பார்க் இப்போது போலீஸ் இல்லை, வியாபாரி. மனைவி, பிள்ளைகள். வண்டியில் போகும்போது பழைய வயலைப் பார்த்து நிறுத்தச் சொல்கிறார். முதல் உடல் கிடந்த வடிகாலுக்குள் குனிந்து எட்டிப் பார்க்கிறார். ஒரு சிறுமி வருகிறாள். கொஞ்ச நாள் முன்னால் இன்னொருவரும் இப்படித்தான் பார்த்தார், முன்னொரு காலத்தில் இங்கே செய்தது ஞாபகம் வந்ததாம் என்கிறாள். முகம் எப்படி இருந்தது? சாதாரணமான முகம். பார்க் நம்மைப் பார்க்கிறார்.

வடிகாலைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். பேக்கை நினைத்தாரா? அடிவாங்கி, குழி தோண்டி, பின்னால் அதே போலீஸ் துரத்தும்போது ரயிலில் அடிபட்டுச் செத்த பையன். சாகும்போது பார்க் பதறுகிறார், அது உண்மை, இரண்டாம் முறை அதையும் கவனித்தேன். ஆனால் பதினாறு பதினேழு வருடம் கழித்து அவரை உறுத்துவது பிடிபடாத கொலையாளி மட்டும்தான். அவர் கை பட்டவர்கள் ஒருவர்கூட அந்த வயலில் இல்லை. படம் தியேட்டரில் ஓடிய அந்த மே மாதத்தில் யூன் சங்-யோ சிறைக்குள் இருந்தார். இது போங்குக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் பேக்கைத் தெரியுமே. அவரே உண்டாக்கியவன் அல்லவா?

“அதுதான் மாமா படமே. பார்க் மறந்துட்டார்னுதான் காட்டறாங்க” என்கிறான் மச்சினன். இருக்கலாம். அப்படியென்றால் அந்தக் கடைசிப் பார்வையைக் கொண்டாடும் எல்லாருமே பார்க்கோடு சேர்ந்து மறந்திருக்கிறோம். அவனும்தான். என்னிடம் படத்தைச் சொல்லும்போது பேக் பெயரை ஒருமுறைகூட எடுக்கவில்லை.

இதைச் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “நீங்க அந்த ஆண்டுவிழாப் பணம் விஷயம் எங்ககிட்ட சொன்னதே இல்லையே மாமா” என்றான்.

மார்ச் 24

கடைசியாகக் கேட்டவருக்கு: ஆமாம், பார்க்கலாம். நான் மூன்றாம் முறையும் பார்ப்பேன் என்று நினைக்கிறேன். ஏமாற்றம் அப்படியேதான் இருக்கிறது, வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது.

மச்சினன் இன்னொரு படம் அனுப்பியிருக்கிறான். “மாமா, இதுல இடைவேளைக்கு அப்புறம்...” என்று ஆரம்பித்தான். போனை வைத்துவிட்டேன்.